எச்சில் மெருகு

சிறைச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியாது என்று வெளியில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொண்டைக்கடலையை நன்றாக வேக வைக்கிறார்கள்; உப்பும் அளவாகத்தான் இருக்கிறது. இருபது வருஷம் எனக்கு நானே பொங்கித் தின்ற வீட்டிலிருந்து வந்திருக்கிறேன், அதனாலும் அப்படித் தோன்றலாம்.

சனிக்கிழமை உங்களிடம் வாயால் சொன்னதை இன்று வாக்குமூலமாக எழுத்தில் கேட்கிறீர்கள், ஐயா. சரி. பெயர் மெல்ச்சோர் அரானா. வயது நாற்பத்தொன்பது. செவீயா நகரத்துச் சிற்பி. கோயில் சுரூபங்களைத் தவிர வேறு எதிலும் உளி வைத்ததில்லை. கட்டில் காலுக்குப் பூ செதுக்குகிறவனையும் இந்த ஊரில் சிற்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து என்னை அந்தக் கும்பலோடு சேர்த்து எழுதாதீர்கள். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, அடிக்கவில்லை. நானாக நடந்து வந்தேன்.

கீழ் அறையில் கிடக்கும் தோமே என் தங்கை ஊர்சுலாவின் புருஷன். அவளுக்கு விஷம் வைத்ததாக அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. அவன் வைக்கவில்லை. ஆனால் நான் வந்தது அவனுக்காக அல்ல. அவன் கையால் பூச்சு வேலை நடந்தது என்பதற்காக, நான் செதுக்கிய வியாகுல மாதா சுரூபத்தை நாளை, செவ்வாய்க்கிழமை, எரிப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் வந்தேன். இந்த வரிசையை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. செதுக்குகிறவன் வண்ணத்தைத் தொடக் கூடாது. தேவதாருவில் முகத்தை வெட்டி, இமையை வெட்டி, பல்லின் நுனி தெரிய உதட்டைப் பிளந்து, அதை வெறும் மரமாகவே வண்ணக்காரன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவன் கையுறைத் தோல் துண்டுகளைப் பூண்டு போட்டுக் காய்ச்சி, பசையும் சுண்ணமும் கலந்து, ஏழெட்டுத் தடவை அதன்மேல் பூசுவான். நான் வெட்டிய மயிரிழைக் கோடெல்லாம் அதற்கடியில் புதைந்துபோகும். பிறகு அதன்மேல் சதை வண்ணம். கடைசியில் ஜனங்கள் கோயிலில் பார்ப்பது அவனுடைய தோலை. என் முகம் உள்ளே இருக்கும்.

ஓவியர் சங்கத்துப் பரீட்சையில் தேறிவிட்டால் நானே வண்ணம் தீட்டலாம். ஒரு தடவை போய் உட்கார்ந்தேன். பரீட்சை பார்த்த மூன்று பேரில் என் வண்ணக்காரன் தோமேவும் ஒருவன். நான் பூசிக் கொடுத்த மரக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். உங்களுது வெட்டுற கை. தடவுற கை வேற."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவர், "பாவம், பொண்டாட்டி இல்லாத மனுஷன், தடவத் தெரியாதுதான்" என்றார். தோமே அதற்கும் சிரித்தான். அன்றைக்கு மத்தியானம் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டேன். உப்புப் போட்ட மீனும் கீரையும். நன்றாகவே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பங்குக் கோயிலின் வியாகுல சபை என்னிடம் ஒரு மாதா கேட்டது. பெரிய வெள்ளிக்கிழமை தோளில் தூக்கிப் போவதற்கு. இந்த மாதிரிச் சுரூபத்தில் தலையும் இரண்டு கைகளும்தான் சிற்பம். மீதியெல்லாம் நாலு சட்டத்தை ஆணி அடித்துச் சேர்த்தது. மேலே கறுப்பு வெல்வெட் போர்த்திவிடுவார்கள். ஆகவே முகம் தப்பானால் எல்லாம் தப்பு. பதினான்கு மாதம் அந்த முகத்தோடு இருந்தேன். அழுகை நின்ற அடுத்த கணத்தில் ஒரு பெண்ணின் வாய் எப்படி இருக்கும் என்பதைத்தான் நான் வெட்டினேன். இடது வாயோரத்தில் கீழே இறங்குகிற ஒரு கோடு. நகத்தால் கீறியது போல இருக்கும். அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் இருபது நாள் ஆயிற்று. அதை வெட்டி முடித்த அன்று நான் அழுதேன். என் வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று இருந்தது.

போன ஜனவரியில் முகத்துக்கு முதல் வண்ணம் ஏறிவிட்டது என்று தோமே சபைக்காரர்களை வீட்டுக்கு அழைத்தான். நானும் போனேன். சபைத் தலைவர் லெயாந்த்ரோ பட்டு வியாபாரி. எதையும் விரலால் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். மாதாவிடம் மட்டும் கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"தோமே, இது மரமா சதையாப்பா? தொட்டா சுடும்போல இருக்கே."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

"மரம் யாரு குடுத்தது?"

"மரமா? நம்ம மச்சான் வெட்டிக் குடுத்தாரு."

லெயாந்த்ரோ என் பக்கம் திரும்பி, விறகு கொண்டுவந்து இறக்கியவனுக்குத் தலையாட்டுவதைப் போல ஒரு தடவை தலையாட்டினார். நான் முகத்தைப் பார்த்தேன். வாயோரக் கோடு இல்லை. யாரோ அதைச் சுண்ணத்தால் அடைத்து, மேலே சதை போட்டிருந்தார்கள்.

உங்கள் பேனா இந்த இடத்தில் வேகமாக ஓடுகிறது, ஐயா. தோமேவுக்கு வைத்த விஷம் தவறிப்போய்த் தங்கைக்குப் போய்விட்டது என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். கை தவறுகிறவன் மரத்தில் முகம் வெட்ட முடியாது.

மறுநாள் காலையில் தோமேயிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனேன். அவன் வீட்டில் இல்லை. முந்தைய நாள் பாராட்டை ஒயின் கடையில் செலவழித்துக்கொண்டிருந்தான். பட்டறையில் ஊர்சுலா இருந்தாள். என் மாதாவின் தலையை மடியில் சாய்த்து, பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவளைப் போலக் குனிந்திருந்தாள்.

சதை வண்ணத்துக்கு மெருகு ஏற்றுகிற விதம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வண்ணம் பாதி காயும்போது, ஆட்டின் மூத்திரப்பையை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஆள்காட்டி விரலில் சுற்றி, வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீரில் நனைத்தால் அந்தப் பளபளப்பு வராது, எச்சில்தான் வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தூரிகைத் தடம் மறைந்து உயிருள்ள தோலாகிவிடும். ஜனங்கள் முழந்தாளில் விழுவது அந்த மெருகைப் பார்த்துத்தான். ஊர்சுலா விரலை வாயில் வைப்பதும் கன்னத்தில் தேய்ப்பதும் மறுபடி வாயில் வைப்பதுமாக இருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"கதவச் சாத்திட்டு வாண்ணே. சங்கத்து ஆளு எவனாச்சும் பாத்தா அவரு தொழில் சீட்டக் கிழிச்சிருவாங்க."

"இது எத்தன நாளா நடக்குது?"

"பதிமூணு வருஷமா. அவருக்குத்தான் கை நடுங்குமே, உனக்குத் தெரியாதா? பூச்சு அவரு போடுவாரு. தோலு நான்தான்."

பதிமூன்று வருஷம். நான் செதுக்கிய இருபத்திரண்டு சுரூபங்கள். பரீட்சையில் என்னைத் தள்ளியபோது 'தடவுற கை' என்று அவன் சொன்னதே, அது என் தங்கையின் கை. பெண்ணுக்குச் சங்கத்தில் இடமே கிடையாது. அவள் பரீட்சைக்கு உட்கார நினைத்தாலும் வாசலிலேயே விரட்டியிருப்பார்கள்.

"வாயோரம் ஒரு கோடு வெட்டியிருந்தேனே" என்று கேட்டேன்.

"நான்தான் அடைச்சேன்."

"யாரக் கேட்டு அடைச்ச?"

"இவளக் கேட்டுத்தான்" என்று மடியிலிருந்த தலையைத் தட்டினாள். அவள் வேடிக்கை பேசுகிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்து பேசினாள். "கோவப்படாதண்ணே. நீ வெட்டுனது அழுது முடிச்ச பொம்பள. புள்ளையப் பறிகுடுத்தவ அழுது முடிக்கமாட்டா. அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவள் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள். இரண்டு அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். மூன்றாவதற்கு வேலை இருந்தது.

நான் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இது இல்லாமல் மீதி உங்களுக்கு விளங்காது. நான் இருபது நாள் வெட்டிய இடத்தை அவள் ஒரு விரலால் சரி செய்திருந்தாள். என் முகம் நல்ல முகம். அவள் முடித்த முகம் உண்மையான முகம்.

தோமே கெடுத்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், பத்து நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு ஈஸ்டருக்கு ஒன்றாகச் சாப்பிட்டிருப்போம். கெடுக்கிறவனை மன்னிக்க முடியும்.

மூன்று நாள் யோசித்தேன். சங்கத்தில் போய் அவளைக் காட்டிக் கொடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அந்தத் தோல் யாருடையது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். செதுக்குவதை விட்டுவிடலாம், அதற்கு நான் தயாராக இல்லை. வேறு வண்ணக்காரனிடம் கொடுக்கலாம். அவன் நிச்சயம் அவளைவிட மட்டமாகத்தான் செய்வான், என் மரத்துக்கு அந்த அநியாயத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் அடுத்த முகத்தையும் அவள் திருத்துவாள், சரியாகத் திருத்துவாள் என்பதில்தான் வந்து நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கு இது நியாயமாகப் படாமல் போகலாம். எனக்கு அப்போது மிகவும் நியாயமாக இருந்தது, இப்போதும் அதில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை.

மரத்தில் புழு விழாமலிருக்க எங்கள் பட்டறைகளில் ஒரு வெள்ளை மருந்து வைத்திருப்போம். பெண்கள் முகம் வெளுக்கவும் அதைத்தான் பூசுகிறார்கள். மருந்துக் கடையில் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். சந்தையில் ஆட்டு மூத்திரப்பை நாலு வாங்கி, கழுவி, இழுத்துக் காய வைத்தேன். நானே அளவாக நறுக்கினேன். மருந்தில் ஊற வைத்து மறுபடி நிழலில் காய வைத்தேன். வேலை சுத்தமாக வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்ளோ மெல்லிசா எங்கண்ணே கெடச்சுது? நீ எனக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே வாங்கிக் குடுத்ததில்லையே."

"கைகளுக்கு இன்னும் மெருகு பாக்கியிருக்குல்ல. அதுக்கு வச்சுக்க."

அங்கேயே விரலில் சுற்றி வாயில் வைத்தாள். "துவர்ப்பா இருக்கே" என்றாள். புதிய தோல் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை. வாயோரக் கோட்டைத் தவிர.

ஐந்தாறு நாள் அந்தத் தோல்களால் வேலை செய்தாள். ஈறு வீங்கியது, பிறகு நாக்கில் புண், பிறகு குடல். வைத்தியர் ரத்தம் எடுத்தார். படுத்து ஒன்பதாம் நாள் இறந்தாள். நான் தினமும் போனேன். பாதாம் அரைத்த பாலைக் கரண்டியால் ஊட்டினேன். கடைசி இரண்டு நாள் அவளால் பேச முடியவில்லை. என் உள்ளங்கையைப் பிரித்து, அதில் தன் விரலால் சின்னச் சின்ன வட்டம் போட்டுக் காட்டினாள். பிறகு தன் இடது சுண்டு விரலை ஆட்டினாள். மாதாவின் இடது கையில் சுண்டு விரல் மெருகு போடாமல் நிற்கிறது என்று அர்த்தம். தோமே முடித்துவிடுவான் என்று சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தொழில்காரி என்றால் அவள்தான். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தோமே மாட்டியது என் ஏற்பாடு அல்ல. அவள் படுக்கையில் விழுவதற்கு முந்தைய நாள் வீட்டில் ஏதோ சண்டை. குடிபோதையில் அவன், "ஒன் நாக்கு அழுகிப் போக" என்று கத்தியது பக்கத்து வீட்டு நாடா விற்கிறவளின் காதில் விழுந்திருக்கிறது. பத்து நாளில் நாக்கு அழுகித்தான் செத்தாள். அவன் பட்டறையிலோ ஈயமும் பாதரசமும் சேர்ந்த வண்ணங்கள் ஜாடி ஜாடியாக இருந்தன. நீதிபதிக்கு அதுவே போதுமாக இருந்தது. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வருவதுண்டு என்று சொன்னேன். அது உண்மைதான். நான் இதுவரை எந்த விசாரணையிலும் பொய் சொன்னதில்லை.

அவன் மட்டும் தூக்கில் போவதாக இருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். ஆனால் தீர்ப்பு வந்த அன்றே சபை கூடியது. நான் போய் வாசலில் நின்றேன்.

"கொலகாரன் தடவுன மூஞ்சியத் தோள்ல தூக்கச் சொல்றியா, மெல்ச்சோர்?" என்று லெயாந்த்ரோ கேட்டார்.

"அது நான் செதுக்கின மூஞ்சி."

"நீ குடுத்தது மரம்ப்பா. மூஞ்சி அவன் போட்டது. ஊரே பாத்துச்சே. எரிச்சுச் சாம்பலக் கோயில் தரைக்கு அடியில போட்டுருவோம். பழுதான சுரூபத்துக்கு அதான வழக்கம்."

இரண்டு நாள் கழித்து இங்கே வந்து உங்கள் கதவைத் தட்டினேன். தோமேவின் கை சுத்தமானால் சுரூபமும் சுத்தம். என் கணக்கு இவ்வளவுதான்.

நேற்று, குருத்து ஞாயிறு மத்தியானம், லெயாந்த்ரோ இங்கே வந்தார். நீங்கள்தான் அனுமதித்தீர்கள். தோமேவையும் காவலாள் மேலே கூட்டி வந்தான். தோமே முதலில் என் முகத்தில் காறித் துப்பினான். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. லெயாந்த்ரோ ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தோமே கை சுத்தம்னு ஆயிருச்சு. இப்ப ஒன் கை இடிக்குது. நீ வெட்டுன தலையின்னு இருக்கிற வரைக்கும் அவளக் கோயிலுக்குள்ள வைக்க முடியாது. இதுல, தலையும் கையும் நீ செஞ்சதில்ல, ஒரு பழைய மடத்துலேருந்து வந்ததுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டன்னா வெள்ளிக்கிழமை தூக்குறோம். போடலன்னா செவ்வாக்கிழம எரிக்கிறோம்."

"தூக்குனா யாரு செஞ்சதுன்னு சொல்லுவீங்க?"

அவர் தாளின் ஓரத்தை விரலால் தேய்த்தார். "தோலு அவ போட்டதுன்னு நீ சொன்னது பரவிருச்சு. ஜனங்க இப்பவே ஊர்சுலா மாதான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நாடா விக்கிறவ ஊர்சுலா வீட்டு வாசல்ல மெழுகுவத்தி ஏத்தி வைக்கிறா. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் தோமே முழந்தாளில் விழுந்தான். சங்கிலியோடு விழுந்ததால் சத்தம் பெரிதாகக் கேட்டது. சற்று முன்னால் என் முகத்தில் துப்பியவன் என் காலைப் பிடித்தான்.

"மச்சான், போடுங்க மச்சான். என்னத் தூக்குல போட்டாலும் பரவாயில்ல. அவளோடதுன்னு ஒலகத்துல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். புள்ளையும் இல்ல. அவ எச்சில் அதுல இருக்கு மச்சான். அத எரிச்சுராதீங்க."

இரவெல்லாம் அந்தத் தாள் என் பக்கத்தில் இருந்தது. அமைதியாக யோசித்தேன். தோமேவை விடுவிக்கிற இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், கொண்டு வாருங்கள். அந்தத் தாள் வேறு. அதை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் அந்த மாதாவை என்னைவிட நேசித்தவன் ஒருவனும் இல்லை. அவளுக்காகத்தான் எல்லாமே செய்தேன். ஆகவே பிழையில்லாமல் எழுதுங்கள்: வியாகுல மாதாவின் தலையும் இரண்டு கைகளும் மெல்ச்சோர் அரானா செதுக்கியவை, வேறு யாரும் செய்ததல்ல. நாளைக்கு எரிக்கும்போது சதைப் பூச்சுதான் முதலில் வெடிக்கும், பிறகு சுண்ணம் ஓடு ஓடாக உரியும். தேவதாரு நிதானமாகத்தான் பற்றும். அதற்கு இடையில் கொஞ்ச நேரம், ஊர்சுலா தொட்டதெல்லாம் போய், நான் செதுக்கிய முகம் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் ஜனங்களை நெருங்கி வந்து பார்க்கச் சொல்லுங்கள்.